நாலாவது அட்டை

காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு வருகைப் பலகையில் ஒரு படம் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் பள்ளியில் இடைவேளைக்கு வெளியே போகும் குழந்தை, தாழ்வாரத்துப் பலகையில் தொங்கும் தன் புகைப்படத்தைப் பின்புறமாகத் திருப்பிவிட்டுப் போகும். உள்ளே வந்ததும் முகம் தெரியும்படி மாட்டும். பேச்சு வராத குழந்தைகூட இரண்டு மாதத்தில் இதைப் பழகிவிடும். அன்று இடைவேளைப் பொறுப்பு என்னுடையது. முப்பத்திரண்டு முகங்கள் இருக்க வேண்டிய பலகையில் முப்பத்தொரு முகங்களும் ஒரு வெள்ளை முதுகும் இருந்தன. யாருடைய படம் என்று திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் வரிசையில் கடைசிக் கொக்கி என் மகள் தாரணியுடையது.

அவள் நலமாக இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிப்பவர்களில் என்னைப் போன்ற அம்மாக்கள் இருப்பார்கள். கடைசி வரி வரை அவர்களைப் பிடித்து வைத்திருக்க எனக்கு மனமில்லை. இப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. பக்கத்து அறையில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். நான் எழுதும்போது நடுநடுவே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். மூன்று வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

பள்ளியின் வயது வரம்பை அவள் தாண்டியதும் நானும் இந்த வருடம் விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டேன். ஐம்பத்தொரு வயதில் ஓய்வா என்று கேட்டார்கள். வீட்டில் அவளோடு ஒருவர் இருந்தாக வேண்டும். போன மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்த இரண்டு ஆசிரியைகள் போன் செய்தார்கள். அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் விதிகளில் ஒன்று அவர்களுக்குப் புரியவில்லையாம்: "நாலாவது அட்டை இல்லாமல் யாரும் விடைபெறக் கூடாது." யாரைக் கேட்டாலும் என்னைக் கேட்கச் சொல்கிறார்களாம். போனில் சொல்ல ஆரம்பித்தேன், முடியவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் முதலில் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. விடிவதற்கு முன்பே பிள்ளைகளை எழுப்பிப் படிக்க வைக்கிற பள்ளி. ஒரு மார்க் குறைந்தால் பெற்றோரைக் கூப்பிட்டு விசாரிப்போம். தாரணிக்கு மூன்று வயதாகியும் பேச்சு வராமல் சேலத்தில் டாக்டரிடம் காட்டினோம். அவர் ஆட்டிசம் என்ற சொல்லைச் சொன்னார். வேலையை விட்டேன், சிறப்புக் கல்வியில் இரண்டு வருடப் பட்டயம் படித்தேன், ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் நடுவில் இருந்த இந்த உறைவிடப் பள்ளிக்கு விண்ணப்பித்தேன். அந்த இரண்டு வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படித்ததில் பாதியை முதல்வர் சுலோச்சனா மேடம் முதல் வாரத்திலேயே மறக்கச் சொல்லிவிட்டார்.

மேடம் ராசிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண். மெலிந்த உருவம், குரல் எழும்பவே எழும்பாது. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு: தெளிவில்லாத ஒரு சொல்லைக்கூட யார் வாயிலும் விடமாட்டார். நம் குழந்தைகளுக்குச் சொல் என்றால் சொல்தான், அதற்குப் பின்னால் இருப்பது அவர்களுக்கு எட்டாது என்பார். "கொஞ்ச நேரம்" என்பது அந்தப் பள்ளியில் கிடையாது. "பெரிய முள் ஆறுக்கு வரும்போது" என்றுதான் சொல்ல வேண்டும். "அப்புறம் பார்க்கலாம்" கிடையாது. பார்ப்பதாக இருந்தால் எப்போது, இல்லையென்றால் இல்லை. பெரியவர்களிடமும் அப்படித்தான். ஒருமுறை மோட்டார் பழுது பார்ப்பவர் நாளைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மேடம் நாட்காட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டி, "எந்த நாளைக்குன்னு விரல் வெச்சுக் காட்டுங்க" என்றார். அவர் விரல் வைத்தார். அந்த நாளில் வந்தும் விட்டார். பயத்தில் வந்தாரோ என்னவோ.

என்னை வேலைக்கு எடுக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்க பொண்ணும் இங்கதான் படிக்கப் போறா. கேட்டுக்கு உள்ள நீங்க டீச்சர், அவ மத்த புள்ளைங்களாட்ட ஒரு புள்ளை. முடியுங்களா?" முடியும் என்றேன். திங்கள் முதல் வெள்ளி வரை அவள் விடுதியில் இருந்தாள். நான் மாலைப் பஸ்ஸில் நாமகிரிப்பேட்டைக்குத் தனியாகப் போனேன். என் கணவர் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போனால் நான்கைந்து மாதம் கழித்துத்தான் வருவார். தாரணி பள்ளியில் என்னை "டீச்சர்" என்றும், சனி ஞாயிறில் "அம்மா" என்றும் தவறாமல் பிரித்துக் கூப்பிட்டாள். எனக்குத்தான் அடிக்கடி குழம்பும்.

முதல் வருடம் ஒரு பெண்ணுக்குச் சட்டைப் பொத்தான் போடச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு பொத்தானுக்கு நான்கு மாதம் ஆனது. ஆண்டு அறிக்கையில் என்ன எழுதுவது என்று வெட்கத்தோடு கேட்டேன். "ஒரு பொத்தான்னு எழுதுங்க" என்றார் மேடம். மார்க்குகளின் ஊரிலிருந்து வந்தவள் நான். அன்றுதான் இந்த வேலைக்குள் உண்மையில் நுழைந்தேன் என்று நினைக்கிறேன்.

அவர் எங்களுக்குப் பழக்கிய நடைமுறைகளில் மிகவும் கண்டிப்பானது, ஒரு குழந்தை காணாமல் போனால் செய்ய வேண்டியது. வருடத்துக்கு இரண்டு முறை ஒத்திகை பார்ப்போம். இரண்டு விசில் ஊத வேண்டும். எல்லாக் குழந்தைகளும் இருந்த இடத்தில் உட்கார வேண்டும். ஒருவரைத் தேடும்போது இன்னொருவர் நழுவிவிடக் கூடாது. அடுத்தது தண்ணீர். அறை, கட்டிலடி, மொட்டை மாடி எல்லாம் பிறகுதான். எங்கள் குழந்தைகளில் பலருக்குத் தண்ணீர் மேல் தீராத ஈர்ப்பு; ஆபத்து தெரியாது. பள்ளியின் தரைத்தொட்டி, பின்பக்கத்துத் தோட்டக் கிணறு, அரைக் கிலோமீட்டரில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் மாவுத் தொட்டிகள். இந்த மூன்றுக்கும் யார் ஓட வேண்டும் என்று பெயர் எழுதி வைத்திருப்போம். அதே சமயம் ஒருவர் போலீசுக்குப் போன் செய்ய வேண்டும். கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இங்கிரிட் வந்தது தாரணியின் பதினைந்தாவது வயதில். நார்வே நாட்டுப் பெண், இருபத்திரண்டு வயது, பத்து மாதம் தன்னார்வலராக இருக்க வந்தாள். வெளிநாட்டுப் பிள்ளைகள் அதற்கு முன்பும் வந்திருக்கிறார்கள். முதல் மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பார்கள், இரண்டாம் மாதம் போட்டோ எடுப்பார்கள், மூன்றாம் மாதம் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். இவள் முதல் மாதம் படுத்தாள். பிறகு பத்து மாதமும் இருந்தாள்.

தமிழை அவள் சமையல்கார பாப்பாத்தி அக்காவிடம் கற்றுக்கொண்டாள். பாப்பாத்தி அக்கா பரமத்தி வேலூர்க்காரர், பேச்சுக்குப் பேச்சு "ங்க" போடுபவர். மரியாதைக்காகப் போடுவது என்று இங்கிரிட்டுக்கு யாரும் சொல்லவில்லை. சொல் முடிந்தது என்பதற்கு அடையாளமாக்கும் என்று எண்ணிக்கொண்டு எல்லாவற்றோடும் சேர்த்தாள். நாயைப் பார்த்து "எந்திரிங்க, வெளிய போங்க" என்பாள். இட்லி சூடாக இருந்தால் இட்லியிடமே "சுடறீங்க" என்பாள். பாப்பாத்தி அக்கா சிரித்து மாளாமல், "இருக்கட்டும் உடுங்க டீச்சர், எங்க ஊட்டுக்காரரு என்கிட்ட இத்தன மருவாதியாப் பேசுனதில்ல" என்றார்.

தாரணி அவளிடம் ஒட்டிக்கொண்டாள். ஒட்டிக்கொண்டாள் என்றால் கட்டிப் பிடிப்பது, கொஞ்சுவது எல்லாம் இல்லை. ஒன்றரை அடி தள்ளி நின்று அவளுடைய சடையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பேசினால் திரும்பிப் பார்ப்பாள். என் மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறவள் இல்லை. எனக்கே நூறில் பத்து முறை திரும்பினால் அதிகம். இங்கிரிட் "தாரணிங்க" என்றால் திரும்பினாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, உள்ளே எங்கோ சுருக்கென்றும் இருந்தது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு இங்கிரிட் தாரணிக்காக ஓர் அட்டை வரிசை செய்தாள். இந்தக் குழந்தைகளுக்கு நடக்கப் போவதைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்டுவது எங்கள் முறைதான். அவளுக்கு நாங்கள் கற்றுக் கொடுத்தது. நீளமான பட்டையில் நான்கு அட்டைகள். முதல் அட்டையில் பெட்டியோடு இங்கிரிட் பள்ளி வாசலில் நிற்கிறாள். இரண்டாவதில் டவுன் பஸ். மூன்றாவதில் ராசிபுரம் பஸ் நிலையம், ஒரு தூணும் அதன் அடியில் சிமெண்ட் பெஞ்சும். நாலாவதில் விமானம், அதன் பக்கத்தில் இங்கிரிட்டின் முகம், அந்த முகத்தின் மேல் மூலைக்கு மூலை சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. கீழே அவளே கோணல் எழுத்தில் தமிழில் எழுதியிருந்தாள்: "இங்கிரிட் போகிறாள். இனி வரமாட்டாள்."

உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணின் முகத்தில் சிவப்புக் கோடு, அதுவும் பிரயாணம் கிளம்பும் நேரத்தில். பாப்பாத்தி அக்கா பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு, "கருமம், இதயெல்லாம் சொவத்துல ஒட்டுவாங்களா? எடுங்க சாமி அத" என்றார். நான் எடுத்தேன். நாலாவது அட்டையைப் பட்டையிலிருந்து பிய்த்து என் மேஜை இழுப்பறையில் போட்டேன்.

இங்கிரிட் அதிர்ந்து போனாள். அதுதானே முக்கியமான அட்டை என்று கேட்டாள். சரியென்றே நினைத்து நான் விளக்கினேன். எங்கள் ஊரில் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லமாட்டோம், வாரேன் என்றுதான் சொல்வோம், நீயும் தாரணியிடம் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள்:

"நான் வரமாட்டேனுங்க டீச்சர். வாரேன்னு சொன்னா பொய்ங்களா இல்லீங்களா?"

"பொய் இல்ல சாமி. அது ஒரு மரியாதை. அபசகுனமாப் பேசக் கூடாதுன்னு."

பத்து வருடமாக "கொஞ்ச நேரம்" என்ற சொல்லைக்கூட வாயில் விடாத சிறப்பாசிரியை சொன்ன பதில் அது. மேடம் அந்த வாரம் சேலத்தில் ஒரு பயிற்சியில் இருந்தார். இருந்திருந்தால் இழுப்பறையைத் திறக்கச் சொல்லியிருப்பார்.

விருந்தாளியாக வந்தவள், நான் சொன்னதற்குக் கட்டுப்பட்டாள். வெள்ளிக்கிழமை காலை பத்து இருபத்தைந்து டவுன் பஸ்ஸில் ஏறும் முன் தாரணியின் முன்னால் குனிந்து, "வாரேனுங்க" என்றாள். தாரணி அவள் சடையைப் பார்த்தாள். பஸ் போனது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். தாரணி மட்டும் அழவில்லை. அவளுக்கு அழ என்ன இருந்தது? வருகிறேன் என்றுதானே சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் சனிக்கிழமை. பத்து இருபத்தைந்துக்கு எங்கள் வீட்டு வாசலில் போய் நின்றாள். ஐந்து நிமிடம் நின்றுவிட்டு உள்ளே வந்தாள். திங்கட்கிழமை பள்ளிக் கேட்டில் நின்றாள். பஸ் வந்து நின்று கிளம்பியதும் தானாகவே திரும்பி வந்து படத்தை முன்புறமாக மாட்டிக்கொண்டாள். பதினோரு நாள் இப்படி. மறந்துவிடுவாள் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அவள் எதையும் மறக்கிறவள் இல்லை என்பது மற்ற யாரையும் விட எனக்குத்தான் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் புதன்கிழமை, சமையலறைக்கு சிலிண்டர் வண்டி வந்தது. கேட் திறந்திருந்தது. மீதியை மேலே சொன்னேன்.

விசில் ஊதினேன். இரண்டு முறை ஊத வேண்டியதை எத்தனை முறை ஊதினேன் என்று தெரியவில்லை. மேடம் வந்து விசிலை என் கையிலிருந்து வாங்கினார். பலகையைப் பார்த்தார். குழந்தைகளை உட்கார வைத்தார், ஆட்களைத் தண்ணீருக்கு அனுப்பினார், போலீசுக்குப் போன் செய்யச் சொன்னார். கிணற்றுக்கு ஓட வேண்டிய பெயர்களில் அன்று என் பெயரும் இருந்தது. நான் ஓடப் பார்த்தேன். என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"நீங்க கெணத்துக்குப் போக வேண்டாம். உக்காந்து இத எழுதுங்க."

காணாமல் போன குழந்தையின் விவரப் படிவம். மற்ற குழந்தைகளுக்காக இரண்டு முறை நான் அதை நிரப்பியிருக்கிறேன். உயரம், நிறம், உடை, செருப்பு. என் மகள் அன்று என்ன செருப்புப் போட்டிருந்தாள் என்பது நினைவில் இல்லை. "பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவாரா?" என்று ஒரு கேள்வி இருந்தது. மற்ற குழந்தைகளுக்கு "இல்லை" என்று ஒரு நொடியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன். இப்போது அந்தச் சொல்லை எழுத முடியவில்லை. "அம்மா கூப்பிட்டால் திரும்பலாம்" என்று எழுதினேன். மேடம் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, பேனாவை வாங்கி அதை அடித்தார். "இல்லை" என்று எழுதினார். போலீஸ்காரர்கள் படிப்பது, சரியாக இருக்க வேண்டும் என்றார். அப்போது அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் தோட்டத்துக் கிணறு தெரியும். வாட்ச்மேன் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்துக் கவிழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிரவே இல்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. பிறகு நிமிர்ந்து, எங்கள் பக்கம் திரும்பி, இல்லை என்று கையை ஆட்டினார். சேகோ ஆலையிலிருந்தும் போன் வந்தது. தொட்டிகளில் கழி விட்டுப் பார்த்துவிட்டார்களாம், இல்லை. இந்த வாழ்க்கையில் "இல்லை" என்ற சொல்லுக்காக நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

ரோட்டுக்கு எதிரில் இருக்கும் டீக்கடைக்காரர், பத்து இருபத்தைந்துக்குக் கல்யாணத்துக்குப் போகும் பெண்கள் கூட்டம் பஸ் ஏறியது, கூட்டத்தில் யார் யார் என்று கவனிக்கவில்லை என்றார். மேடம் என் முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க போனான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எதுக்குப் போனா? அத மட்டும் சொல்லுங்க."

அப்போதுதான் சொன்னேன். வாரேன் என்று சொல்லச் சொன்னதை, பதினோரு நாள் கேட்டில் நின்றதை, இழுப்பறையை. அவர் எழுந்து தாரணியின் வகுப்புக்குப் போனார். திரும்பி வந்து, சுவரில் அட்டை வரிசை இல்லை, கிழித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் என்றார். "கடைசியா இருந்த அட்டை எது?"

"ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு" என்றேன்.

வரிசை அங்கேதான் முடிந்தது. நாலாவது அட்டை இல்லாததால் இங்கிரிட் இன்னும் மூன்றாவது அட்டையில்தான் இருந்தாள், அந்தத் தூணுக்குக் கீழே, சிமெண்ட் பெஞ்சில். வருகிறேன் என்று சொன்னவள் பதினோரு நாளாக வரவில்லை. அப்படியென்றால் போய்த்தான் பார்க்க வேண்டும். என் மகள் செய்தது அவ்வளவுதான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். கையில் காசு இல்லை என்று யாரும் அவளை இறக்கிவிடவும் போவதில்லை.

பள்ளி வேனில் கிளம்பினோம். போலீசுக்கும் சொல்லியாயிற்று. வழியில் மேடம் இங்கிரிட்டுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. நடந்த விஷயத்தைச் சொன்னார். என்னைக் குறை சொல்ல அவளுக்கு நல்ல சந்தர்ப்பம் அது. அவள் கேட்டது தாரணி சாப்பிட்டாளா என்பதைத்தான். போனை வைக்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

பஸ் நிலையத்தில் அந்தத் தூண் இருந்தது. பெஞ்சும் இருந்தது. பெஞ்சில் ஒரு பெரியவர் வாழைத்தார்களோடு உட்கார்ந்திருந்தார். தாரணி இல்லை.

வேனில் வரும்போது இருந்த நம்பிக்கை அங்கே போய் நின்றதும் என்னைவிட்டுப் போய்விட்டது. ஆத்தூர் பஸ், சேலம் பஸ், நாமக்கல் பஸ், திருச்செங்கோடு பஸ். எதில் வேண்டுமானாலும் ஏறியிருக்கலாம். கழிப்பறை, கடைகள், பஸ்களுக்கு அடியில்கூடப் பார்த்தேன். நேரக் காப்பாளர் அறைக்குப் போனோம். பஸ் கிளம்பும் நேரத்தை மைக்கில் சொல்லும் சின்ன அறை. அங்கே இருந்தவர் நல்ல மனிதர், உடனே மைக்கைப் பிடித்து, நீலச் சட்டை போட்ட தாரணி என்ற பெண் எங்கிருந்தாலும் வரவும் என்று மூன்று முறை சொன்னார். கூட்டம் தலையைத் திருப்பிப் பார்த்தது. திரும்ப வேண்டியவள் திரும்பமாட்டாள் என்பது படிவத்திலேயே எழுதியிருக்கிறது.

நான் மைக்கில் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்று சொல்ல முடியாது. அழுதேன். மேடம் என்னை மெதுவாக நகர்த்தினார்.

அவர் கையிலிருந்த போனிலிருந்து இங்கிரிட்டின் குரல் வந்தது. "என்னைப் பேச விடுங்க."

"என்ன சொல்லுவ?" என்று மேடம் கேட்டார். "வாங்கன்னு மட்டும் கூப்பிட்றாத. நீ இங்க இருக்கறன்னு நெனச்சுக்குவா."

"இல்லீங்க மேடம். நாலாவது அட்டையப் படிக்கறேனுங்க."

மேடம் என்னைப் பார்த்தார். ஒரு கேள்வி அதில் இருந்தது. நான் தலையாட்டினேன். போனை ஒலிபெருக்கியில் போட்டு மைக்கோடு ஒட்டிப் பிடித்தார்.

ராசிபுரம் பஸ் நிலையம் முழுவதும், வாழைத்தார்களுக்கும் வேர்க்கடலை வண்டிக்கும் மேலாக, அந்த நார்வேப் பெண்ணின் குரல் கேட்டது.

"தாரணிங்க. இங்கிரிட் பேசறேனுங்க. நான் எங்க ஊட்டுல இருக்கறேனுங்க. ஏரோப்பிளேன்ல போயிட்டேனுங்க. பஸ் ஸ்டாண்டுல நான் இல்லீங்க. நான் வரமாட்டேனுங்க. வாரேன்னு சொன்னது தப்புங்க. டீச்சர் மைக் ரூம்ல இருக்காங்க. மைக் ரூமுக்குப் போங்க."

திருச்செங்கோடு பஸ் ஜன்னலிலிருந்து ஒரு அம்மாள் உரக்க, "வரலீன்னா உடு கண்ணு, அதுக்கு மைக்கப் போட்டா சொல்லுவாங்க" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நேரக் காப்பாளர் என்னிடம், "ஏனுங்க, புள்ள எந்த ஊருங்க? நம்மூராட்டவே பேசுது, வெளியூராட்டவும் இருக்குது" என்று கேட்டார்.

இங்கிரிட் இரண்டாவது முறை படித்தாள். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. மூன்றாவது முறை படித்துக்கொண்டிருந்தபோது, கிளம்பாமல் நின்றிருந்த இரண்டு பஸ்களுக்கு நடுவில் இருந்த சந்திலிருந்து தாரணி வெளியே வந்தாள்.

அவசரப்படவில்லை. அட்டை வரிசையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். செருப்புப் போட்டிருந்தாள், பழுப்பு நிறச் செருப்பு. நான் பாய்ந்து போகாதபடி மேடம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவளை ஒருவர் ஓடிப் போய்ப் பிடித்தால் எதிர்ப்பக்கம் ஓடிவிடுவாள். எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அறை வாசலில் வந்து நின்றாள். மைக்கைப் பார்த்தாள். அதிலிருந்து வந்த குரலை ஒரு வரி கேட்டாள். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கதவை இழுத்து அதன் பின்னாலும் பார்த்தாள். நாங்கள் யாரும் அசையவில்லை. போனில் இங்கிரிட் நிறுத்திவிட்டாள். மூச்சு விடும் சத்தம் மட்டும் ஒலிபெருக்கி வழியாக ஊருக்கெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

தாரணி சுருட்டி வைத்திருந்த அட்டை வரிசையை மேஜை மேல் வைத்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்று ஆக ஐந்து நிமிடம் இருந்தது. பள்ளியில் சாப்பாட்டு மணி பன்னிரண்டரைக்கு.

"டீச்சர், லேட்டு" என்றாள். "சோறு லேட்டு. போலாம்."